ஓப்பன்டிடிடி: லாரித் தொழில் தெரிந்தவர்களுக்கு ஒரு பழைய விளையாட்டு

சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலையே கணினி விளையாட்டாக்கிய டிரான்ஸ்போர்ட் டைக்கூன் 1994இல் மைக்ரோபுரோஸ் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. அதன் விரிவான டீலக்ஸ் பதிப்பு மறு ஆண்டே வந்தது. அதை உருவாக்கிய கிறிஸ் சாயர், அதன் பெரும்பகுதியைக் கணினிச் செயலியின் கட்டளைகளுக்கு நெருக்கமான அசெம்பிளி மொழியில் எழுதியிருந்தார். அன்றைய கணினிகளில் வேகம் தந்த அந்த முறையே, டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலம் முடிந்தபின் விளையாட்டை வேறு இயங்குதளங்களுக்குக் கொண்டுசெல்லப் பெருந்தடையாயிற்று.

லுட்விக் ஸ்ட்ரிகியஸ் என்ற ஸ்வீடன் நாட்டு நிரலாளர் மூல விளையாட்டைப் பிரித்து ஆராய்ந்து, சி மொழியில் மறுபடி எழுதி, 2004இல் ஓப்பன்டிடிடி என்று வெளியிட்டார். உரிமையாளர் கேட்டுச் செய்த வேலையன்று அது. ஆயினும் அந்த விளையாட்டு இன்றைய விண்டோஸ், மேக், லினக்ஸ் கணினிகளில் தங்குதடையின்றி ஓடுவதற்கு அந்த உழைப்பும், அதன்பின் சேர்ந்த தன்னார்வலர்களின் உழைப்புமே காரணம் என்பதை நன்றியுடன் சொல்ல வேண்டும்.

நாமக்கல், சங்ககிரி பக்கத்து வாசகர்களுக்கு இதில் முதலில் கண்ணில் படுவது ரிட்டன் லோடு, அதாவது திரும்பும் வழிக்கான சரக்கு, கிடைக்காத சிக்கல்தான். சுரங்கத்திலிருந்து அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுபோகும் லாரி காலியாகவே திரும்புகிறது. பெரும்பாலும் பயணிகளுக்கும் தபாலுக்கும்தான் இரு வழியிலும் வருமானம் எளிதாகக் கிடைக்கிறது. தூரம், அளவு, சேர எடுத்த நேரம் ஆகிய மூன்றையும் வைத்து வாடகை கணக்கிடப்படுவதால், லோடு தாமதமானால் பணம் குறைகிறது. இருபத்தைந்து லாரி ஓட்டும் ஒருவர் மனத்தில் போடும் கணக்கும் இதுதான். வறண்ட வெப்பமண்டல நிலப்பரப்பைத் தேர்ந்தெடுத்தால், பாலைவன ஊர்கள் உணவும் தண்ணீரும் வந்து சேர்ந்தால்தான் வளரும். கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த நம் ஊர்களுக்கு இந்த விதியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மூலத்தில் 256க்கு 256 கட்டங்களாக இருந்த வரைபடம் இங்கே 4096க்கு 4096 வரை விரிகிறது. நிலத்தின் மேடுபள்ளங்களைக் காட்டும் உயர வரைபடப் படம் ஒன்றை ஏற்றி, பாலக்காட்டுக் கணவாய், நீலகிரிச் சரிவு ஆகியவற்றுடன் கொங்கு நாட்டையே நிலமாக்கி, ஊர்களுக்குப் பொள்ளாச்சி, ஈரோடு, கரூர் என்று நாமே பெயரிடலாம். ஏற்றத்தில் ரயில் திணறுவதைப் பார்த்தால், மேட்டுப்பாளையத்துக்கு அப்பால் பல்சக்கரப் பாதை ஏன் தேவைப்பட்டது என்பது நன்றாகப் புரியும்.

பழைய விளையாட்டை அழியாமல் காப்பது என்ற நோக்கில் ஒரு குறையும் உண்டு. தொடக்கத்தில் பழைய வட்டில் இருந்த படக்கோப்புகள் இல்லாமல் இதை ஆட முடியாதிருந்தது. தன்னார்வலர்கள் புதிதாக வரைந்த ஓப்பன்ஜிஎஃப்எக்ஸ் படங்களும், புதிய ஒலிகளும் வந்தபின், 2010இன் 1.0 பதிப்பிலிருந்து அந்தத் தேவை நீங்கியது. அதனால் விளையாட்டு பிழைத்தது, ஆனால் மூல ஓவியங்களும் ஜான் புரூம்ஹாலின் இசையும் பழைய கோப்புகளை வைத்திருப்போருக்கே கிடைக்கின்றன. 1995இல் இருந்ததை அப்படியே காண விரும்புவோர் பழைய டாஸ் கணினியைப் போலச் செயல்படும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் மூலத்தையே ஓட்டுவது நல்லது. விளையாடவே விரும்புவோருக்கு ஓப்பன்டிடிடிதான் என் பரிந்துரை.

புதியவர்கள் ரயில் சிக்னல்களைக் கற்கச் சில மாலைகளாவது ஒதுக்க வேண்டும். அதுவரை லாரிகளோடு தொடங்கலாம். மொழித் தேர்வில் தமிழும் இருக்கிறது. மொழிபெயர்ப்பு இன்னும் முழுமையாகவில்லை. விடுபட்ட வரிகளை நிரப்ப, லாரித் தொழிலின் சொற்களை அறிந்தவர்கள் முன்வர வேண்டும்.