ஆறு வருட மூடாக்கு: தண்டைச் சுற்றி நாலு விரல் இடைவெளி

தோட்டத்தில் மூடாக்கு போட ஆரம்பித்து இது ஆறாவது வருடம். காய்ந்த இலை, வைக்கோல், மரச்சில்லு என ஏதாவது ஒன்றால் மண்ணைப் போர்த்தி வைப்பதுதான் மூடாக்கு. வெயில் நேரே மண்ணில் விழாததால் ஈரம் சீக்கிரம் போகாது. வெளிச்சம் கிடைக்காமல் களைவிதைகள் பலவும் முளைக்காது. மழைத்துளி மண்ணை அடித்து இலைமேல் தெறிப்பதும் குறையும். தக்காளியின் அடி இலைகளுக்குப் பல நோய்கள் அந்தத் தெறிப்பில்தான் ஏறுகின்றன.

முதல் வருடம் கத்தரிக்கு வைக்கோலைத் தண்டோடு ஒட்டிக் குவித்துவிட்டேன். ஒரு மாதத்தில், மண்ணில் ஈரம் இருந்தும் இரண்டு செடிகள் வாடின. வைக்கோலை விலக்கிப் பார்த்தால், மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டின் தோல் பழுப்பேறி, விரல் பட்டதும் வழுக்கிக்கொண்டு கழன்றது. பூத்து நின்ற செடிகள் அவை. மனசு மிகவும் கஷ்டப்பட்டது. அதிலிருந்து தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விடுகிறேன். மரமென்றால் ஒரு சாண்.

பொருள்களில் எனக்குப் பிடித்தது காய்ந்த இலைதான். 3 அங்குலம் போட்டால் சில மாதங்களில் பாதியாக அமுங்கிவிடும், மேலே மறுபடி போட வேண்டும். அந்த வேலையைச் சந்தோஷமாகவே செய்கிறேன், ஏனென்றால் அப்போதுதான் அடியில் நடப்பதைப் பார்க்க முடிகிறது. மேல் அடுக்கு சருகாக நொறுங்கும். அதற்குக் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய இலைகள், அவற்றைக் கோத்தபடி வெள்ளைப் பூஞ்சை இழைகள். இன்னும் கீழே மண்புழு போட்ட குட்டிக் குட்டி உருண்டைகள். முன்பு கொத்து போட்டாலும் இறங்காத அந்த இடத்தில் இப்போது விரல் தானாக இறங்குகிறது.

வெட்டிய பச்சைப் புல்லைத் தடிமனாகப் போடாதீர்கள். பாய் மாதிரி ஒட்டி, சூடேறி, நாறும். உலர்த்திப் போட்டால் நல்லது. மரச்சில்லு பல காலம் தாங்கும், மரங்களுக்கு அருமை. ஆனால் அதை மண்ணோடு கிளறிவிடக் கூடாது. அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்ள, செடி வெளுத்துப் போகும். மேலாகக் கிடந்தால் பெரிதாகப் பாதிப்பதில்லை.

குறைகளும் உண்டு. கோரை எதையும் துளைத்துக்கொண்டு வரும். கிழங்கோடு தோண்டி எடுத்தபிறகு போர்த்துவதே மேல். மழைக்காலத்தில் நத்தைகள் குடியேறும், அப்போது அடுக்கைக் கொஞ்சம் மெலிதாக்குகிறேன். லேசான தூறல் இலையை மட்டும் நனைத்துவிட்டுப் போகும். அதனால் மேலே ஈரமாகத் தெரிந்தாலும் நம்பாமல், கையை உள்ளே விட்டு மண்ணைத் தொட்டுப் பார்த்தே தண்ணீர் விடுகிறேன். காய்ந்த மண்ணை அப்படியே மூடுவதும் தப்பு, முதலில் நன்றாக நனைத்துவிட வேண்டும்.

கீரை, கேரட் மாதிரி விதை தூவும் பாத்தியை மட்டும் திறந்தே விடுகிறேன். களை பறிக்கும் வேலை கூடத்தான் செய்கிறது, இருந்தாலும் அந்தப் பொடி விதைகளால் சருகை முட்டிக்கொண்டு வர முடியாது. நாற்று நாலு இலை விட்டதும், வரிசைகளுக்கு நடுவே மட்டும் சருகை நொறுக்கித் தூவுகிறேன்.