எஸ்யூவா, சூடோவா: கல்லாச் சாவி யார் கையில்?

கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் கல்லாச் சாவி முதலாளியின் இடுப்பை விட்டு நகராது. சிம்மக்கல்லில் நாங்கள் ஐந்து பேர் வேலை பார்த்த ஆபீஸில் லினக்ஸ் சர்வரில் எதையும் செய்யக்கூடிய 'ரூட்' கணக்கின் பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் பில்லிங் ஃபோல்டரைக் காணோம். காலையில் மூன்று பேர், வேறொரு பயனராக மாற உதவும் எஸ்யூ (su) கட்டளையைப் போட்டு ரூட்டாக மாறியது பதிவில் இருந்தது. அழித்தது யார் என்பது மட்டும் இல்லை.

எஸ்யூ பழைய ஆள். லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸ் 1971-இல் வந்தபோதே அதில் உண்டு. யாராக மாறப் போகிறோமோ அவருடைய பாஸ்வேர்டைக் கேட்கும். அதாவது, சாவியையே கொடுத்துவிட வேண்டும். கொடுக்கும் ஒரு கட்டளையை மட்டும் ரூட்டாக இயக்கித் தரும் சூடோ (sudo) 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டது. அது கேட்பது நம் சொந்த பாஸ்வேர்டை; நமக்கு அனுமதி உண்டா என்பதை சூடோயர்ஸ் கோப்பில் பார்த்துக்கொள்ளும். யார் எந்தக் கட்டளையைக் கொடுத்தார் என்றும் எழுதி வைக்கும். பில் போடும் தம்பிக்கு பிரிண்டர் சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்ய அனுமதி தரலாம். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் கணக்கை முடக்கினால் போதும். எஸ்யூ என்றால் பாஸ்வேர்டை மாற்றி, மிச்சமுள்ள நாலு பேரிடமும் சொல்ல வேண்டும்.

டேட்டாபேஸ் வேலைக்கும் சூடோதான் வசதி. டேட்டாபேஸை நிர்வகிக்கும் போஸ்ட்கிரஸ் என்ற பயனருக்குப் பெரும்பாலும் பாஸ்வேர்டே இருக்காது. எஸ்யூ கேட்டால் எதைக் கொடுப்பது? சூடோவில் கோடு-யூ (-u) போட்டுப் பெயரைச் சொன்னால் வேலை முடிந்தது.

எஸ்யூவில் ஒரு சின்னக் கோடு (-) பெரிய பாடு படுத்தும். வெறும் எஸ்யூ என்றால் ஆள்தான் மாறுவார், கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் முதலியவை பழையவரோடதாகவே இருக்கும். டெபியன் லினக்ஸின் 10-ஆம் பதிப்புக்கு மாறியதும் ரூட்டாக இருந்தும், புதுப் பயனரைச் சேர்க்கும் 'ஆட்யூசர்' கட்டளை கிடைக்கவில்லை என்று பலர் தலையைப் பிய்த்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். பக்கத்தில் ஒரு கோடு சேர்த்தால் புதிதாக லாகின் செய்ததுபோல் எல்லாம் மாறிவிடும்.

சூடோவும் சொக்கத்தங்கம் இல்லை. கோடு-ஐ (-i) போட்டு, ரூட்டாகவே கட்டளைகளை அடிக்கும் ஷெல்லுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால், உள்ளே போனதை மட்டும்தான் வழக்கமாகப் பதியும். அப்புறம் எஸ்யூ கதைதான். உபுண்டு லினக்ஸில் ஒருமுறை பாஸ்வேர்டு கொடுத்தால் 15 நிமிஷம் மறுபடி கேட்காது. திரையைப் பூட்டாமல் டீ குடிக்கப் போகிறவர்கள் அந்தச் சலுகையை ரத்து செய்யும் கோடு-கே (-k) போட்டுவிட்டுப் போகலாம்.

டூஆஸ் என்று மூன்றாவது ஒன்று உண்டு, 2015-இல் ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் வந்தது. அமைப்புக் கோப்பு நாலைந்து வரிதான். ஆனால் உபுண்டுவில் தனியாக நிறுவ வேண்டும், எங்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

பலர் கைவைக்கும் மெஷினுக்கு சூடோதான் என் ஓட்டு. எங்கள் ரூட் பாஸ்வேர்டு இப்போது ஒட்டிய கவரில், முதலாளியின் பீரோவில் இருக்கிறது. இதுவரை ஒரே ஒருமுறை பிரித்தோம். சூடோயர்ஸ் கோப்பைத் திருத்தவே இருக்கும் விசூடோ கட்டளை பிழை பார்த்துச் சொல்லும் என்று தெரிந்தும், அதை விட்டுவிட்டு கோப்பை நேரடியாகத் திருத்தி, சூடோவையே படுக்க வைத்த ஆள் நான்தான். அன்று காப்பாற்றியது எஸ்யூ.