கோர்ட் ஆலோசகரா, குழந்தை உளவியலாளரா?

விவாகரத்து வழக்கு ஓடும்போது, "குடும்ப நீதிமன்றத்திலேயே கவுன்சலிங் தருகிறார்களே, பிள்ளைக்குத் தனியாக வேறு எதற்கு?" என்று பலர் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே வேலை இல்லை.

செலவு
ஆலோசகர்: கட்டணம் இல்லை.
உளவியலாளர்: ஒவ்வொரு அமர்வுக்கும் பணம்.

நோக்கம்
ஆலோசகர்: 1984 குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின்கீழ் வருபவர். முதல் கவனம் கணவன் மனைவி சமரசம். பிள்ளையிடம் பேசினாலும் அது பெரும்பாலும் யாரிடம் வளர்வது, எப்போது பார்ப்பது என்பதற்காகத்தான்.
உளவியலாளர்: இங்கே பிள்ளைதான் மையம். திடீரென்று படுக்கையை நனைப்பது, பள்ளிக்குப் போக அடம், "என்னாலதான் அப்பா போயிட்டாரா?" என்ற குற்ற உணர்வு எல்லாம் இவர் பார்க்கவேண்டியவை. சின்னப் பிள்ளைகள் நேராகச் சொல்லமாட்டார்கள். பொம்மையிலும் படத்திலும்தான் வெளிவரும். அதற்குப் பல வாரம் பிடிக்கும்.

ரகசியம்
ஆலோசகர்: நீதிபதிக்கு அறிக்கை போகலாம்.
உளவியலாளர்: பொதுவாக அறையோடு நிற்கும். நீதிமன்றம் கேட்டால் என்ன செய்வார் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். (வழக்குக்கு ஆதாரம் தேடிப் பிள்ளையை அழைத்துப் போகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.)

பார்க்கும் நாள் பற்றிய தகராறு மட்டும் என்றால் ஆலோசகர் போதும். தூக்கம், சாப்பாடு, படிப்பு மாறி, சில வாரமாகியும் சரியாகவில்லை என்றால் உளவியலாளர்தான். பணம் இடித்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் (14416) எண்ணும் இலவசம்.