சிசேரியனுக்குப் பின் சுகப்பிரசவமா, மறுபடியும் சிசேரியனா?

முந்தைய குழந்தை சிசேரியனில் பிறந்த பெண் மீண்டும் கருவுறும்போது அவர் முன் இரண்டு வழிகள் வைக்கப்படுகின்றன. வலி தானாக வரும்வரை காத்திருந்து சுகப்பிரசவத்துக்கு முயல்வது ஒன்று. நாள் குறித்து மறுபடியும் அறுவை செய்துகொள்வது மற்றொன்று. வழிகள் இரண்டே என்றாலும் முடிவுகள் மூன்று. முயற்சி கைகூடினால் தாய்க்கு இரத்தப்போக்கும் தொற்றும் மிகக் குறைவு, உடல் தேறுவதும் விரைவு. முயற்சி நடுவில் நின்று அவசர சிசேரியனில் முடிந்தால் மூன்று முடிவுகளில் இதில்தான் இந்தத் தொல்லைகள் மிக அதிகம். திட்டமிட்ட சிசேரியன் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. ஆகவே எது பாதுகாப்பானது என்ற கேள்விக்கு எல்லோருக்குமான ஒரே விடை கிடையாது. இந்தப் பெண்ணுக்கு முயற்சி கைகூடும் வாய்ப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்தே விடை மாறுகிறது.

‘ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்’ என்ற வாசகம் 1916-இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின் எழுதியது. அந்தக் காலத்தில் கருப்பையின் தடித்த மேல்பகுதியை நெடுக்காக வெட்டினார்கள். அத்தழும்பு பிரசவ வலியில் பிரியும் அபாயம் நூற்றுக்கு 4 முதல் 9 வரை. இன்று பெரும்பாலும் கருப்பையின் மெல்லிய கீழ்ப்பகுதியைக் குறுக்காக வெட்டுகிறார்கள். அப்படிப்பட்ட ஒரே தழும்பு உள்ளவருக்கு வலி தானாக வந்தால் அபாயம் ஏறத்தாழ 200-இல் 1. வயிற்றின் தோலில் தெரியும் தழும்பு குறுக்காக இருப்பதால் உள்ளே கருப்பையிலும் அப்படியே இருக்கும் என்று கொள்ள முடியாது. முந்தைய அறுவையின் குறிப்பேட்டைத் தேடி எடுத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. நெடுக்கு வெட்டோ, தலைகீழ் ‘டி’ வடிவ வெட்டோ இருந்தாலும், முன்பு ஒருமுறை கருப்பை கிழிந்திருந்தாலும், நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருந்தாலும் ஒப்பீட்டுக்கே இடமில்லை. அங்கே திட்டமிட்ட சிசேரியன்தான் வழி.

முயற்சியில் இறங்குவோரில் நூற்றுக்கு 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவம் நிகழ்கிறது. இந்தப் பொது விகிதத்தை அப்படியே தனக்குப் பொருத்திக்கொள்வது தவறான கணக்கு. முன்பு ஒருமுறையேனும், குறிப்பாக சிசேரியனுக்குப் பிறகு, சுகப்பிரசவம் கண்டவருக்கு வாய்ப்பு 85 முதல் 90 விழுக்காடு வரை உயர்கிறது. இதற்கு நிகரான சாதகமான காரணி வேறில்லை. அடுத்து, முதல் சிசேரியன் ஏன் நடந்தது என்ற கேள்வி. குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருந்ததற்காகவோ, நாடித்துடிப்பு குறைந்ததற்காகவோ செய்யப்பட்டிருந்தால், அந்தக் காரணம் மறுபடியும் வர வேண்டியதில்லை. வலி வந்தும் கருப்பை வாய் திறக்காமல், அல்லது முழுதும் திறந்த பின்னும் தலை இறங்காமல் நின்றதற்காகச் செய்யப்பட்டிருந்தால் வாய்ப்பு குறைகிறது. ஆனாலும் அத்தகையோரிலும் பாதிக்கு மேற்பட்டோர் சுகமாகப் பெற்றெடுக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். உடல் எடை மிகுதி, கூடிய வயது, நான்கு கிலோவைத் தாண்டும் குழந்தை, 40 வாரத்துக்கு மேல் நீளும் கர்ப்பம் ஆகியவை வாய்ப்பைக் குறைக்கின்றன. இரண்டு பிரசவங்களுக்கு இடையே ஒன்றரை ஆண்டுகூட இல்லையெனில் தழும்பு பிரியும் அபாயம் கூடுகிறது.

வலியை வரவழைப்பதை மட்டும் தனியாகப் பேச வேண்டும், ஏனெனில் முன்பே எடுத்த முடிவைக் கடைசி வாரத்தில் தலைகீழாக்குவது பெரும்பாலும் இதுவே. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், முதல் பிரசவம் சிசேரியனாக முடிந்த 20,095 பெண்களை ஆராய்ந்து 2001-இல் வெளியான ஆய்வு, பிரசவ வலி தொடங்கும் முன்பே மறு சிசேரியன் செய்துகொண்டவர்களில் ஆயிரத்துக்கு 1.6 பேருக்கும், வலி தானாக வந்தவர்களில் 5.2 பேருக்கும், புரோஸ்டாகிளாண்டின் (கருப்பை வாயை இளக்கி வலியைத் தூண்டும் மருந்து) அல்லாத முறைகளால் வலி வரவழைக்கப்பட்டவர்களில் 7.7 பேருக்கும், புரோஸ்டாகிளாண்டின் தரப்பட்டவர்களில் 24.5 பேருக்கும் கருப்பை கிழிந்ததைக் கண்டது. நிறைமாதத்தில் தழும்புள்ள கருப்பைக்கு புரோஸ்டாகிளாண்டின் வகை மருந்தான மிசோப்ரோஸ்டால் கூடாது என்பது இப்போது உறுதியான விதி. ‘சுகப்பிரசவத்துக்கு முயல்கிறேன்’ என்று சொல்லும் பெண், வலி தானாக வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும் என நான் வலியுறுத்துவது இதனால்தான்.

திட்டமிட்ட சிசேரியனின் பெரிய பலம் குழந்தையின் பக்கம் இருக்கிறது. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி தரும் கணக்கின்படி, மூச்சுத்திணறலால் குழந்தையின் மூளை பாதிக்கப்படுவது முயற்சியில் 10,000-க்கு 8, திட்டமிட்ட அறுவையில் 1-க்கும் குறைவு. மறுபுறம், பிறந்தவுடன் சில நாள் மூச்சு வாங்கும் தொல்லை, 39 வாரத்தில் செய்தாலும்கூட, அறுவையில் பிறந்த குழந்தைகளிடமே அதிகம்; அதற்கு முன்பே நாள் குறித்தால் இன்னும் கூடும்.

அறுவையின் உண்மையான விலை அடுத்த கர்ப்பத்தில் தெரிய வருகிறது. நஞ்சுக்கொடி கீழே இறங்கி கருப்பை வாயை மூடிய நிலையில், அது பழைய தழும்புக்குள் வேரோடிப் பிரிய மறுக்கும் வாய்ப்பு, இரண்டாவது சிசேரியனின்போது 11 விழுக்காடு, மூன்றாவதில் 40, நான்காவதில் 61. அப்போது கருப்பையையே எடுக்க நேரிடலாம். இன்னும் இரண்டு குழந்தைகள் வேண்டும் என்று நினைப்பவருக்கும், இதுவே கடைசி என்று தீர்மானித்தவருக்கும் ஒரே ஆலோசனை பொருந்தாது. எத்தனை குழந்தைகள் வேண்டும் என்ற கேள்வியை முதலிலேயே கேட்காமல் நாள் குறிப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

முயற்சி நடக்கும் இடமும் ஒரு காரணியே. குழந்தையின் இதயத்துடிப்பை வலி முழுவதும் இடைவிடாமல் பதிவு செய்யும் கருவியும், நள்ளிரவிலும் உடனே அறுவை செய்ய ஆளும் இரத்தமும் இருக்க வேண்டும். தழும்பு பிரிவதன் முதல் அடையாளம் பெரும்பாலும் அந்தத் துடிப்பின் மாற்றம்தான்; வலிகளுக்கு இடையிலும் நீங்காத வயிற்றுவலியும் இரத்தப்போக்கும் பின்னால் வரலாம், வராமலும் போகலாம். முதுகில் போடும் வலிநீக்கி ஊசி இதை மறைத்துவிடும் என்ற பயத்தால் அதை மறுக்கத் தேவையில்லை.

கீழ்க்குறுக்குத் தழும்பு ஒன்று, முன்பு ஒரு சுகப்பிரசவம், இன்னும் பிள்ளைகள் வேண்டும் என்ற விருப்பம், பக்கத்தில் தகுந்த மருத்துவமனை ஆகியவை கூடியவருக்கு முயற்சியையே பரிந்துரைப்பேன். முன்பு தலை இறங்காமல் நின்று, இப்போதும் குழந்தை பெரிதாக இருந்து, 41 வாரமாகியும் கருப்பை வாய் இளகாமல், இதுவே கடைசிப் பிள்ளை என்றும் முடிவு செய்தவருக்குத் திட்டமிட்ட சிசேரியன் மேல். இடையில் நிற்பவர்களே மிகுதி. அவர்கள் 36-ஆவது வாரத்துக்குள் மருத்துவருடன் அமர்ந்து, வலி தானாக வந்தால் முயல்வது, வராவிட்டால் எந்த நாளில் அறுவை, குறித்த நாளுக்கு முன்பே பனிக்குடம் உடைந்தால் என்ன செய்வது என்ற மூன்றையும் எழுத்தில் பதிந்துகொள்ளலாம்.