லூதரா, வைட்சாப்பலா?

பிரிட்டிஷ் க்ரைம் தொடர் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் ஜான் லூதர் என்ற போலீஸ் துப்பறிவாளரின் கதையான 'லூதர்' என்பார்கள். பிபிசியில் 2010-ல் தொடங்கி ஐந்து சீசன் ஓடியது. அதற்கு முந்தைய ஆண்டே ஐடிவியில் வந்த 'வைட்சாப்பல்' பலர் கண்ணில் படவே இல்லை. இரண்டிலும் லண்டன்தான், இரண்டிலும் வயிற்றைக் கலக்கும் கொலைகள்தான். என் ஓட்டு இரண்டாவதற்கு.

லூதரில் பெரும்பாலும் கொலையாளி யாரென்று முதலிலேயே தெரிந்துவிடும்; எப்படிப் பிடிக்கிறார் என்பதுதான் கதை. முதல் எபிசோடின் விசாரணை அறைக் காட்சி அபாரம். பெற்றோரைப் பறிகொடுத்ததாகச் சொல்லி எதிரே உட்கார்ந்திருக்கிறாள் ஆலிஸ். பேச்சுக்கு நடுவே லூதர் கொட்டாவி விடுகிறார். பார்க்கிற நமக்கே கொட்டாவி வரும், அவளுக்கு வரவில்லை. அடுத்தவர் உணர்ச்சி ஒட்டாதவர்களுக்குக் கொட்டாவியும் தொற்றாது என்பது அவர் கணக்கு. அந்த நொடியில் கொலையாளி அவள்தான் என்று லூதருக்குப் புரிந்துவிடுகிறது, ஆனால் கையில் ஆதாரம் இல்லை. லூதராக இட்ரிஸ் எல்பாவும் ஆலிஸாக ரூத் வில்சனும் மோதும் இடங்களுக்காகவே முதல் சீசனின் ஆறு எபிசோடையும் பார்க்கலாம்.

அப்புறம்தான் எனக்கு மனசு ஒட்டவில்லை. ஒரு பெண் வீட்டுக்கு வருகிறாள், படுக்கிறாள், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒருவன் வருகிறான். தூக்கிவாரிப் போடுகிறது, உண்மை. ஆனால் அவள் யார், அவளை யார் தேடுவார்கள் என்று நின்று பார்க்கத் தொடருக்கு நேரமில்லை. செத்தவர்கள் நம்மைப் பயமுறுத்த மட்டுமே வந்துபோகிறார்கள்.

வைட்சாப்பல் முதல் சீசன் மூன்றே எபிசோடு. 1888-ல் லண்டனின் வைட்சாப்பல் பகுதியில், கடைசிவரை யாரென்றே தெரியாமல் போன கொலைகாரன் ஜாக் த ரிப்பர் செய்த கொலைகளை ஒருவன் இன்றைய லண்டனில் அப்படியே திரும்பச் செய்கிறான். ஆகஸ்ட் 31, செப்டம்பர் 8, செப்டம்பர் 30-ல் ஒரே இரவில் இரண்டு, நவம்பர் 9. அடுத்த கொலை என்றைக்கு என்று போலீசுக்கே தெரியும். ஆனால் நூற்றிருபது ஆண்டில் ஊர் மாறிவிட்டது. முதல் கொலை நடந்த பக்ஸ் ரோவுக்கே இன்று டர்வர்ட் ஸ்ட்ரீட் என்று பெயர். நாள் நெருங்க நெருங்க, இனி சாகப்போகிற ஒருத்தியைக் காப்பாற்றியாக வேண்டும் என்ற தவிப்பு நமக்கும் வந்துவிடுகிறது. லூதரில் எனக்குக் கிடைக்காதது அதுதான்.

அதிகாரி சாண்ட்லரும் வேறு மாதிரி ஆள். மேஜையில் பேனா கொஞ்சம் கோணலாக இருந்தாலும் தாங்காது, நெற்றிப்பொட்டில் தைலம் தேய்த்துக்கொண்டே யோசிப்பார். ரூபர்ட் பென்ரி-ஜோன்ஸ் அதை எங்கேயும் வேடிக்கையாக்காமல் நடித்திருக்கிறார். தெருவில் வேலை பார்த்தே வயதாகிப்போன சார்ஜண்ட் மைல்ஸ், அதாவது ஃபில் டேவிஸ், முதலில் இவரை மதிப்பதே இல்லை. அது மெல்ல மாறுவதைப் பார்க்கவே தனி சுகம்.

குறையும் உண்டு. 1960-களின் லண்டன் தாதாக்களான க்ரே சகோதரர்களை வைத்து வந்த இரண்டாவது சீசன் சுமார். நான்காவது அமானுஷ்யம் பக்கம் சாய்ந்து, 2013-ல் முடிச்சு அவிழாமலே நின்றுவிட்டது. அதனால் முதல் மூன்று எபிசோடை ஒரு வார இறுதியில் பாருங்கள். பிடித்திருந்தால் இரண்டாவதைத் தாண்டி நேராக மூன்றாவது சீசனுக்குப் போய்விடலாம்.