முதல் லேத் டூல்: ஹெச்.எஸ்.எஸ். பிட்டா, கார்பைடா?

பேட்டைப் பக்கம் பட்டறைகளில் லேத் (இரும்பைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) பழகப் போகும் பையன்கள் முதலில் கேட்பது, "அண்ணாச்சி, எந்த டூல் வாங்க?" என்பதுதான். நான் பழகியது ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட்டில், அதாவது நாமே சாணை பிடித்து முனை வைக்கும் எஃகுத் துண்டில். இன்றும் அதைத்தான் சொல்வேன்.

எஃகைவிடக் கடினமான, ஆனால் சட்டென்று தெறிக்கும் கார்பைடின் பெருமை தெரிந்ததே: சூடு தாங்கும், சீக்கிரம் மழுங்காது. ஆனால் அதற்கேற்ற வேகத்தை லேத் கொடுக்க வேண்டுமே. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதா இரும்பு) ராடுக்கு ஹெச்.எஸ்.எஸ். என்றால் நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம் போதும், 25 மி.மீ. விட்டமுள்ள ராடு நிமிடத்துக்குச் சுமார் 320 சுற்று ஓடினால் சரி. கார்பைடுக்கு 100 மீட்டர் வைத்தால் அதே ராடு 1,270 சுற்று ஓட வேண்டும். பெல்ட்டை மாற்றிப் போட்டு வேகம் மாற்றும் பழைய கோன் புல்லி லேத் பலவற்றில் அந்தச் சுற்றே வராது. மெதுவாக ஓட்டினால் முனையில் இரும்பு அப்பி, கடைசல் சொரசொரப்பாகிவிடும். கீவே (நீளக் காடி) உள்ள ஷாஃப்டில் காடி வரும்போதெல்லாம் அடி விழும்; அப்போது கார்பைடு முனை தெறித்துவிடும், ஹெச்.எஸ்.எஸ். அதைப் பொறுத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியம் சாணை. ஹெச்.எஸ்.எஸ். பிட்டைப் பட்டறையில் இருக்கும் சாதாரணக் கல்லிலேயே பிடிக்கலாம். சூடேறினால் தண்ணீரில் முக்கிக்கொள்ளலாம். பிரேஸ் செய்த (எஃகுத் தண்டில் பற்றவைத்த) கார்பைடுக்குப் பச்சைக் கல் (சிலிக்கான் கார்பைடு சாணைக்கல்) வேண்டும். சூட்டோடு தண்ணீரில் முக்கினால் முனை விரிசல் விடும். அதனால் கார்பைடில் பழகுகிறவன் முனை போனதும் அடுத்த டூலைத் தேடுவான். ஹெச்.எஸ்.எஸ். பிடிக்கிறவன் கல்லுக்குப் போவான். முன்னும் பக்கமும் 8 முதல் 10 டிகிரி சரிவு வைத்துப் பிடித்து, மாட்டி, ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். வெட்டு முனைக்குக் கீழே பளபளவென்று தேய்ந்த தடம் தெரிந்தால் சரிவு போதவில்லை, டூல் வெட்டாமல் உரசுகிறது என்று அர்த்தம். டூல் எதனால் வெட்டுகிறது என்பது அந்தத் தடத்தைப் பார்க்கும்போதுதான் புரியும்.

மேல்பக்கம் சாணை பிடிக்கப் பிடிக்க முனை தாழும். அதனால் ஒவ்வொரு தடவையும் சென்டர், அதாவது முனை ராடின் மைய உயரத்தில் நிற்கிறதா என்று, பார்த்தாக வேண்டும். "ஏலே, சென்டர் பாத்தியா?" என்று அதட்டல் வருவது இதற்காகத்தான். லேத்தை நிறுத்திவிட்டு, ராடுக்கும் டூல் முனைக்கும் நடுவே ஆறங்குல ஸ்டீல் ஸ்கேலை மெல்ல அழுத்திப் பிடியுங்கள். ஸ்கேல் நேராக நின்றால் சரி. மேல்நுனி உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது, அடியில் தகடு வையுங்கள். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் டூல் உயர்ந்திருக்கிறது, ஒரு தகட்டை எடுங்கள். ஃபேசிங் (ராடின் முகப்பைக் கடைவது) அடித்த பிறகு நடுவில் சின்ன மொட்டு நின்றாலும் சென்டரைத்தான் பார்க்க வேண்டும்.

வெட்டும்போது வரும் இரும்புச் சுருளையும் கவனியுங்கள். ஹெச்.எஸ்.எஸ்.ஸில் வெள்ளையாகவோ வைக்கோல் நிறத்திலோ வந்தால் நல்லது. நீலம் பாய்ந்தால் சுற்றைக் குறையுங்கள். கார்பைடில் நீலச் சுருள் வந்தால் பயமில்லை.

ஜேசிபி பின் போல டெம்பர் ஏற்றிய (சூடாக்கிக் கடினமாக்கிய) சாமான் வந்தால் ஹெச்.எஸ்.எஸ். தாங்காது, கார்பைடுதான். வார்ப்பிரும்பின் மேல்தோலுக்கும் அதுவே மேல். இன்சர்ட் (கழற்றி மாட்டும் சின்ன கார்பைடு துண்டு) மாட்டும் ஹோல்டரை நான் அதிகம் ஓட்டியதில்லை. முனை போனால் திருப்பி மாட்டலாம் என்ற வசதி பிடித்திருந்தது, அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இப்போதைக்கு அரை அங்குல ஹெச்.எஸ்.எஸ். பிட் இரண்டு வாங்குங்கள்: ஒன்று டர்னிங்குக்கு (ராடின் நீளவாக்கில் கடைவது), மற்றது ஃபேசிங்குக்கு. இரண்டையும் நீங்களே சாணை பிடியுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு, கையுறை இல்லாமல்.