பிரிக்காத கவரா, தலையைக் கழற்றிப் பார்த்த பொம்மையா?

என் அலமாரியில் இரண்டு ஜோம்பிகள் நிற்கின்றன. மினிஃபிகர் என்பது லெகோவின் சின்ன மனித பொம்மை. உள்ளே யார் என்று வெளியே தெரியாத கவரில் போட்டு லெகோ 2010-இல் விற்ற முதல் மினிஃபிகர் வரிசையில் 16 பொம்மைகள் வந்தன. அதில் ஒன்று இந்த ஜோம்பி. அதே கறுப்பு முடி, அதே சிவப்பு டை, ஒரு கையில் மண்வாரி, இன்னொரு கையில் கோழிக்கால். ஒன்றுக்கு 3,500 ரூபாய் கொடுத்தேன், மற்றதற்கு 1,400. டூப்ளிகேட் எதுவென்றால், 3,500 கொடுத்து வாங்கியதுதான்.

விலை அதிகமானதற்குக் காரணம், அது கவர் பிரிக்காமல் வந்தது. பழைய மினிஃபிகர் தேடுகிறவர்களுக்குப் பொதுவாக மூன்று வழி: கவர் பிரிக்காதது, யாரோ விளையாடி முடித்த பழசு, கடைத்தெருவில் கிடைக்கும் சைனா காப்பி.

மூன்றாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பாரிமுனைப் பக்கம் 80 ரூபாய்க்குக் கிடைக்கிறது. காப்பி என்று தெரிந்தே குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கிறீர்கள் என்றால், ISI முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு அது கட்டாயம். வேறு கம்பெனிக்காரர்கள் லெகோ மாதிரியே கட்டை விற்பதும் மினிஃபிகரைக் காப்பி அடிப்பதும் ஒன்றில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1958-இல் எடுத்த கட்டையின் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. கட்டையின் வடிவத்தை வணிகச் சின்னமாக்க ஐரோப்பிய நீதிமன்றம் 2010-இல் மறுத்தது. ஆனால் மினிஃபிகரின் வடிவம் லெகோவின் சின்னம்தான் என்று அங்கே 2015-இல் தீர்ப்பு வந்தது.

சரி, பிரிக்காத கவர். முதல் இரண்டு வரிசைகளில் ஒவ்வொரு பொம்மைக்கும் தனி பார்கோடு இருந்ததால், உள்ளே யார் என்று பிரிக்காமலே சொல்லிவிடலாம். விற்றவர் அந்த பார்கோடைத்தான் பெரிதாகப் படம் எடுத்துப் போட்டிருந்தார். நானும் அதை ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்தியாகிவிட்டேன். கவரை அச்சடிக்கத் தெரிந்தவனுக்கு பார்கோடு அச்சடிக்கத் தெரியாதா என்று அன்றைக்குத் தோன்றவில்லை. மூன்று மாதம் ஆசையாக வைத்திருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரித்தேன். தலை உச்சியில் குமிழ் இருக்கிறது, ஒரிஜினலில் அதன் மேல் இருக்கும் ‘லெகோ’ எழுத்து இல்லை. மண்வாரியைக் கையில் மாட்டினால் நழுவி விழுகிறது.

எனக்கு இந்த விஷயத்தை முடிவு செய்தது மறுவிற்பனைதான். பிரிக்காத கவருக்கு நாம் கொடுக்கும் கூடுதல் காசு முழுவதும், அது பிரிக்கப்படாமல் இருப்பதற்காகத்தான். சோதிக்க வேண்டுமென்றால் பிரிக்க வேண்டும். பிரித்த நொடியில் அந்தக் கூடுதல் காசு போச்சு. பிரிக்காமல் அப்படியே விற்றால், எனக்கே தெரியாத ஒன்றை ‘ஒரிஜினல்’ என்று சத்தியம் பண்ணி இன்னொருவர் தலையில் கட்டுகிறேன். ஒருவேளை அந்தக் கவர் எனக்கு முன்னால் நாலு பேர் கை மாறி வந்திருக்கலாம், அத்தனை பேரும் என்னைப் போலவே நல்ல மனதோடு விற்றிருக்கலாம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். 3,500 ரூபாய் கொடுத்து வாங்கும் மாட்டையுமா?

இரண்டாவது ஜோம்பியைக் கோவையில் ஒரு கல்லூரிப் பையனிடம் நேரில் போய் வாங்கினேன். “தம்பி, தலையைக் கழட்டிப் பாக்கலாமா?” என்றேன். “காலையும் கழட்டிப் பாருங்ணா” என்று சிரித்துக்கொண்டே நீட்டினான். பாதி நம்பிக்கை அங்கேயே வந்துவிட்டது.

தலைக்குமிழின் மேல் லெகோ என்ற எழுத்து, தலையைக் கழற்றினால் கழுத்துக் குமிழின் மேல் இன்னொன்று, முடியைத் திருப்பினால் உட்பக்கம் ஒன்று. எழுத்து கடுகைவிடச் சிறிது, ஆனால் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். பிறகு மண்வாரியை மாட்டினேன். லெகோவில் இப்படிப் பிடிக்கும் தண்டுகளுக்கு 3.18 மில்லிமீட்டர் கனம். நல்ல கை அதை லேசான அழுத்தத்தோடு வாங்கிக்கொண்டு, தலைகீழாகப் பிடித்தாலும் விடாது. கைக்குக் கீழே உடலின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பழைய ஒரிஜினலுக்கு வழக்கமாக வரும் வியாதி அது. நான் அதைக் காட்டித்தான் 200 ரூபாய் குறைத்தேன்.

எழுத்து இருந்தாலே ஒரிஜினல் என்று நினைத்துவிடாதீர்கள். 2003-இல் கிளவுட் சிட்டி என்ற ஸ்டார் வார்ஸ் செட்டோடு வந்த போபா ஃபெட் என்ற பாத்திரத்தின் பொம்மைக்குக் கையிலும் காலிலும் அச்சு உண்டு. இன்றைக்கு அதன் விலை கேட்டால் தலை சுற்றும். அதனால் எழுத்துள்ள, நிஜமான வெற்று லெகோ உடலை வாங்கி, அதன் மேல் அச்சை மட்டும் புதிதாக அடித்து விற்கிறார்கள். குமிழைப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். இங்கே போன் கேமராவை மேக்ரோவில் வைத்து அச்சின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். கம்பெனி அச்சில் நிறம் ஒரே பரப்பாக, ஓரம் வெட்டினாற்போல இருக்கும். டிஜிட்டல் அச்சில் புள்ளி புள்ளியாகத் தெரியும், நகத்தால் தடவினால் மேடு தட்டும். நான் கையில் எடுத்துப் பார்த்த இந்த மாதிரிப் போலிகள் இரண்டே இரண்டு. இதைவிடக் கெட்டிக்கார அச்சு வந்தால் என் கண்ணும் ஏமாறலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2013-இல் பத்தாவது வரிசையில் உலகத்துக்கே 5,000 மட்டும் போட்ட மிஸ்டர் கோல்ட் என்ற தங்க நிறப் பொம்மை போன்ற ஒன்றை முதலீடாக வாங்குகிறவர்கள், பிரிக்காததைத்தான் கேட்பார்கள். அந்த விலைக்கு நான் போனதில்லை, அவர்களுக்குப் புத்தி சொல்லும் தகுதியும் எனக்கில்லை. 2023-இல் கவர் போய் அட்டைப்பெட்டி வந்தது. அதையும் நான் கடையில் புதிதாக வாங்கியதோடு சரி.

பழசில் தொந்தரவும் இல்லாமல் இல்லை. கையில் பிடிக்கக் கொடுத்த சாமான் தொலைந்திருக்கும், கறுப்பு அடித்தட்டு இருக்காது. என் ஜோம்பிக்கு அந்தப் பையன் கோழிக்காலை வீடு முழுக்கத் தேடி, ஒரு வாரம் கழித்துக் கூரியரில் அனுப்பினான்.

போலி ஜோம்பியைத் தூக்கிப் போடவில்லை. பழைய பொம்மை பார்க்கப் போகும்போதெல்லாம் அதையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறேன். பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல சாம்பிள் எங்கே கிடைக்கும், 3,500 ரூபாய் கொடுத்திருக்கிறேனே.